அந்தப் பதிலில் ஒரு கேள்வி விட்டுப்போயிற்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவர் பதில் பகுதியில் ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: ‘கணவருக்கு ஹெச்.ஐ.வி. இருக்கிறது, எனக்கு இல்லை. நாங்கள் தாம்பத்தியத்தைத் தொடரலாமா?’ ஆணுறை கட்டாயம், உறவை இயன்றவரை தவிர்ப்பதே உத்தமம் என்று நாலு வரியில் பதில் முடிந்துவிட்டது. ஆணுறை சரி. ‘தவிர்ப்பதே உத்தமம்’ என்பதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. அவர் கணவர் ஹெச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறாரா, எத்தனை நாளாக, வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று ஒரு கேள்வி கூட அதில் இல்லை. சர்க்கரை அளவு என்னவென்று கேட்காமலே சாப்பாட்டை நிறுத்தச் சொல்வது மாதிரி இருக்கிறது.

எங்கள் வீட்டில் தலைகீழ். மனைவிக்கு இருக்கிறது, எனக்கு இல்லை. 2016-ல் தெரிந்தேதான் கட்டிக்கொண்டேன். அவளுக்கு அது இரண்டாம் கல்யாணம். முதல் கணவர் இறந்த பிறகுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற பஞ்சாயத்து எங்கள் வீட்டில் நடந்ததில்லை, இந்தக் கடிதத்திலும் வேண்டாம். நான் பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி ஏற்றிப் பிழைக்கிறவன்.

முதல் மூன்று வருஷம் ஒருநாள் தவறாமல் ஆணுறைதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே வைத்திருப்பார்கள். எடுக்கக் கூச்சப்பட்டு, பக்கத்து ஊர் மெடிக்கலில் காசு கொடுத்து வாங்குவேன். ஒருமுறை கிழிந்துவிட்டது. அன்றிரவு அவள் அழுதாள், நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். விடிந்ததும் முதல் பஸ்ஸில் தருமபுரிக்குப் போய் அரசு மருத்துவமனையில் ஹெச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் நின்றேன். 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிடும் தடுப்பு மருந்து ஒன்று இருப்பதே அன்றுதான் தெரிந்தது. எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது என்றார்கள். ஊத்தங்கரை வாசகிக்கு இதையாவது சொல்லியிருக்கலாம்.

2019-ல் அவளுக்கு முதல் வைரல் லோடு பேப்பர் வந்தது. அதுவரை நோய் எதிர்ப்பு அணுக்களை எண்ணும் சிடி4 பரிசோதனைதான் பார்த்து வந்தார்கள். அந்தப் பேப்பரில் ‘டார்கெட் நாட் டிடெக்டட்’ என்று அச்சடித்திருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை. ‘நாட்’ என்றதைப் பார்த்து ஏதோ தப்பாகிவிட்டது என்று பயந்துபோனாள். ஆலோசகர் அந்த வரியைப் பேனாவால் சுழித்துவிட்டு, “அண்ணா, ரத்தத்துல வைரஸ் மெஷினுக்கே தெரியாத அளவுக்குக் குறைஞ்சிருக்கு. இப்படியே இருக்கிற வரைக்கும் இவங்ககிட்டேருந்து உறவு மூலமா உங்களுக்கு வராது” என்றார். வராது என்றுதான் சொன்னார், குறைவு என்று சொல்லவில்லை. நான் நம்பவில்லை. மருமகன் செல்போனில் தேடித் தேடிப் படித்தேன்.

இதில் ஊகம் எதுவும் இல்லை. நம் நாட்டில் சென்னை, புனே உட்பட ஒன்பது நாடுகளில், ஒருவருக்குத் தொற்று உள்ள 1,763 ஜோடிகளை வைத்து நடந்த ஆய்வு, உடனே மருந்து தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-லேயே சொல்லிவிட்டது. மீதி நாலு சதவீதம் என்ன என்பதுதானே நம் கேள்வி? மருந்து பிடிப்பதற்கு முன்போ, மருந்து வேலை செய்யாமல் போனபோதோதான் அந்த ஜோடிகளில் பரவியிருக்கிறது. ஐரோப்பாவில் நடந்து 2016-ல் வெளியான ‘பார்ட்னர்’ ஆய்வில், தொற்று உள்ளவரின் வைரல் லோடு ஒரு மில்லி ரத்தத்தில் 200-க்குக் கீழே இருந்த ஜோடிகள் ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 முறை உறவு கொண்டும் துணையிடமிருந்து ஒருவருக்குக் கூட வரவில்லை. பதினோரு பேருக்குத் தொற்று வந்தது உண்மைதான். ஆனால் அவர்களிடம் இருந்த வைரஸ் துணையின் வைரஸோடு ஒத்துப்போகவில்லை, வெளியிலிருந்து வந்தது.

அதற்காக இன்றைக்கு மாத்திரை ஆரம்பித்து நாளைக்கே ஆணுறையைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. வைரஸ் அடங்க மாதக்கணக்கில் ஆகும். அடங்கி ஆறு மாதமாவது அப்படியே நிற்கிறது என்று மையத்தில் சொல்லும் வரை ஆணுறை வேண்டும். மாத்திரையை நிறுத்தினால் வைரஸ் திரும்ப ஏறிவிடும். அப்புறம், மாத்திரை தடுப்பது ஹெச்.ஐ.வி.யை மட்டும்தான். சிபிலிஸ், கொனோரியா போன்ற மற்ற பால்வினை நோய்கள் அதற்குக் கட்டுப்படாது, அவற்றுக்கு ஆணுறைதான். எனக்கு மஞ்சள் காமாலை பி தடுப்பூசியும் போடச் சொன்னார்கள், போட்டுக்கொண்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நானும் ரத்தம் கொடுக்கிறேன். இன்று வரை நெகட்டிவ்.

2020 கடைசியில் எங்களுக்கு மகன் பிறந்தான். மையத்தில் கேட்டு, பேப்பரைக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகு பிறந்த பிள்ளை. தாய்ப்பாலுக்கு உறவைப் போல ‘வராது’ என்று உறுதி சொல்ல முடியாது என்று முன்னாடியே சொல்லிவிட்டார்கள். அதனால் பிறந்ததும் பிள்ளைக்குச் சொட்டு மருந்து, ஆறாவது வாரத்தில் ஒரு பரிசோதனை, பதினெட்டாம் மாதத்தில் கடைசிப் பரிசோதனை என்று ஓடினோம். இப்போது பள்ளிக்கூடம் போகிறான். காய்ச்சல் வந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற காய்ச்சல்தான்.

மாத்திரை பற்றி ஒன்று. முப்பது மாத்திரை டப்பா, பஸ்ஸில் குலுங்கினால் கலகலவென்று சத்தம் கேட்கும். பையில் என்ன சத்தம் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பஞ்சு அடைத்துக் கொண்டுவருவாள். வைரஸ் அடங்கிய பிறகும் பஞ்சு நின்றபாடில்லை. அவள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒரு தனியார் மருத்துவமனையில் கட்டி அறுக்கப் போனபோது விஷயம் தெரிந்ததும் கட்டிலைத் தனியாக ஓரம் கட்டினார்கள். இப்படி ஒதுக்கக் கூடாது என்று 2017-ல் சட்டம் வந்து, 2018 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேன்.

ஆசிரியரிடம் கேட்பது ஒன்றுதான். அந்த வாசகியின் கேள்வியை மறுபடி மருத்துவரிடம் கொடுத்து, வைரல் லோடையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இடமில்லை என்றால் 1097 என்ற இலவச எய்ட்ஸ் உதவி எண்ணையாவது போடுங்கள். அந்த நாலு வரியைப் படித்துவிட்டு அவர்கள் தனித்தனிப் பாயில் படுத்திருப்பார்களோ என்று இருக்கிறது எனக்கு.

என் பெயரை வெளியிட வேண்டாம். எனக்கு ஆட்சேபணை இல்லை, அவள்தான் வேண்டாம் என்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.