தொகுப்பு விதியும் சோதனைக் கருவியும் ஒன்றையே சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தில் மென்பொருள்கள் தொகுப்புகளாக வழங்கப்படுகின்றன. அவற்றைத் தயாரிப்பதற்கான விதிகளைக் கூறும் அதன் கொள்கை ஆவணம், நிறுவப்படும் பைனரி கோப்புகளிலிருந்து (கணினி நேரடியாக இயக்கும் கோப்புகள்) வழுநீக்கத் தகவல்களை, அதாவது நிரலின் பிழைகளைக் கண்டறிய உதவும் குறிப்புகளை, 'ஸ்ட்ரிப்' கட்டளையால் நீக்கச் சொல்கிறது. இத்தகவல்கள் பல நேரங்களில் நிரலையே விஞ்சும் அளவுக்குப் பெருத்துவிடுவதால், இவ்விதி தேவையானதுதான். ஆனால் இதை மீறிய தொகுப்பு வெளியிடத் தகுதியற்றது என்று ஆவணம் கூறவில்லை; தொகுப்புகளைத் தானாகச் சோதிக்கும் லின்டியனோ, நீக்கப்படாத கோப்பைக் கண்டதும் எச்சரிக்கையோடு நில்லாமல் 'பிழை' என்றே அறிவிக்கிறது.

ஸ்ட்ரிப் செய்யக் கூடாத கோப்புகளுக்கான விலக்குகளில்தான் இந்த முரண் பெரிதாகத் தெரிகிறது. ஓகாமல் என்ற நிரல்மொழியில் 'கஸ்டம்' முறையில் உருவாக்கும் நிரலில், பைட்கோடு (நிரலின் இடைநிலை வடிவம்) இயங்கு கோப்பின் இறுதியில் ஒட்டப்பட்டிருக்கும். ஸ்ட்ரிப் செய்தால் அது உதிர்ந்துபோய், 'பைட்கோடு கோப்பு குறிப்பிடப்படவில்லை' என்ற செய்தியுடன் நிரல் நின்றுவிடும். இயங்குதளத்தின் கருவான கெர்னலில் தேவைப்படும்போது சேர்க்கும் மாட்யூலின் குறியீட்டு அட்டவணையை (அதிலுள்ள பெயர்களின் பட்டியல்) முழுவதும் நீக்கினால் அதை ஏற்றவே முடியாது. இத்தகைய விலக்குகளுள் சில, கோப்பின் பெயர் முடிவைப் பார்த்துத் தவிர்க்கும் வரிகளாக லின்டியனின் நிரலுக்குள்ளேயே இருக்கின்றன. விதியை மட்டும் படித்துத் தொகுப்பைத் தயாரிக்கும் புதியவருக்கு அவை எப்படித் தெரியும்?

இன்னொன்றும் உண்டு, அதுவே எனக்கு அதிகக் கவலை தருகிறது. கோப்புகளை நிறுவும்போதே 'இன்ஸ்டால்' கட்டளையின் ஸ்ட்ரிப் விருப்பத்தைப் பயன்படுத்துவதும் ஒரு வழி என்று ஆவணத்தின் அப்பகுதி நெடுங்காலமாகக் கூறிவந்திருக்கிறது. 2015 டிசம்பருக்குப் பின், நீக்கப்படும் வழுநீக்கத் தகவலை, தொகுப்புகளைத் தயாரிக்க உதவும் டெப்ஹெல்பர் கருவி தனித் தொகுப்பாகத் தானே சேமித்துவைக்கிறது. முன்கூட்டியே ஸ்ட்ரிப் செய்துவிட்டால் சேமிக்க எதுவும் மிஞ்சாது. பயனரிடம் நிரல் முறிந்து விழும்போது, எந்த வரியில் முறிந்தது என்று கண்டறியும் வழி அடைபட்டுப் போகிறது. கோப்பு ஸ்ட்ரிப் செய்யப்பட்டிருப்பதால் லின்டியனின் சோதனையும் குறை சொல்லாது.

ஆகவே, ஸ்ட்ரிப் செய்யும் பணியைத் தொகுப்புக் கருவியிடமே விட வேண்டும் என்று விதியைத் திருத்தி, விலக்குகளைக் காரணத்துடன் ஆவணத்திலேயே பதிந்து, லின்டியனின் கண்டிப்பை விதியின் கண்டிப்புக்கு ஒத்ததாக மாற்ற வேண்டும். பராமரிப்பாளர் ஒருவர் சோதனை முடிவை மறுத்து எழுதும் குறிப்பிலும் காரணம் இடம்பெறுவதைக் கட்டாயமாக்க வேண்டும். இனி விதி, லின்டியன் ஆகிய இரண்டில் எதைத் திருத்தினாலும், மற்றொன்றுக்கான திருத்தமும் கூடவே முன்வைக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் ஒருவர்