நாற்பத்தொன்றாம் தாள்

டாலஸ், டெக்சாஸ்
17.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். படிப்புதான் முடிந்துவிட்டதே, தங்கை நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் வந்துவிட்டுப் போனால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொன்னால் அம்மா பக்கத்திலிருந்து அழுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

படித்து முடித்தவர்கள் வேலை பார்க்க இங்கே ஓ.பி.டி. என்று 12 மாத அனுமதி கொடுக்கிறார்கள். 470 டாலர் கட்டி வாங்கிய அட்டையில் ஜூலை 8 என்று தொடக்க நாள் இருக்கிறது. அன்றிலிருந்து வேலை இல்லாத நாட்களை எண்ணுகிறார்கள். சனி, ஞாயிறுக்கும் விலக்கு இல்லை. மொத்தம் 90 நாளைத் தாண்டினால் இங்கே இருக்கும் தகுதியே போய்விடும். ஊருக்கு வந்தால் அந்தப் பத்து நாளும் இந்தக் கணக்கில்தான் விழும். வேலை இல்லாமல் திரும்பினால் விமான நிலையத்தில் என்ன கேட்பார்களோ, அது வேறு.

நீங்கள் கொடுத்தனுப்பிய தினசரிக் காலண்டரில் இன்று ஆவணி 1. ராகு காலம் 9–10.30 என்று போட்டிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பேனாவால் 41 என்று எழுதினேன். முன்பெல்லாம் தாளைக் கிழித்துக் குப்பையில் போடுவேன். இப்போது மடித்து மேசை இழுப்பறையில் வைக்கிறேன், ஏன் என்று தெரியவில்லை.

மாமா சொன்ன பெட்ரோல் பங்க் வேலை சரிப்படாது. படித்த துறைக்குத் தொடர்புள்ள வேலையாக இருக்க வேண்டும், வாரம் 20 மணி நேரமாவது பார்க்க வேண்டும். கல்லாவில் நின்று கையில் பணம் வாங்கியது தெரிந்தால் எல்லாம் பாழ். போன வாரம் ஒரு நிறுவனத்தின் விண்ணப்பத்தில், பின்னாளில் விசாவுக்கு நாங்கள் பொறுப்பேற்க வேண்டியிருக்குமா என்று கேட்டிருந்தார்கள். ஆம் என்றேன். பத்து நிமிடத்தில் நிராகரித்துவிட்டார்கள். கேள்வியிலேயே ஓரம் கட்டிவிடுகிறார்கள், அப்பா.

வழி இல்லாமலில்லை. என் பேராசிரியரின் ஆய்வகத்தில் சம்பளமில்லாமல் வேலை பார்த்தாலும், துறை வேலையாக 20 மணி நேரம் இருந்தால் எண்ணிக்கை நின்றுவிடும். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். பிறகு நல்ல வேலை அமைந்தால், பொறியியல் பட்டம் என்பதால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். வங்கித் தவணைக்கு மட்டும் இரண்டு மாதம் சமாளியுங்கள்.

எனக்காக நிச்சயதார்த்த நாளைத் தள்ளிப்போட வேண்டாம். அன்று போனைத் தாம்பாளத்துக்கு எதிரே நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். போன முறை இரண்டு மணி நேரம் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்புடன்,
உங்கள் மகன்