தேடல் மந்தமானால் சர்வரை மட்டும் குறை சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடிக்கணக்கான பதிவுகள் கொண்ட தரவுத்தளத்தில் தேடல் மந்தமானால், இன்னும் பெரிய சர்வர் வாங்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் கோளாறு இயந்திரத்தில் இருப்பதில்லை. அட்டவணைகளை வடிவமைத்தவர்கள், அவற்றில் எதை எப்படித் தேடப்போகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளாததில்தான் இருக்கிறது.

1970-இல் கணினி அறிவியலாளர் எட்கர் காட், தரவை அட்டவணைகளாகப் பார்க்கும் தொடர்புசார் தரவு மாதிரியை முன்வைத்தபோது, தரவு உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்ற கவலையிலிருந்து பயனரை விடுவிப்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. வடிவமைப்பவருக்கு அந்த விடுதலை கிடைக்கவில்லை. தேடும் மதிப்பு அட்டவணையில் எங்கே இருக்கிறது என்று காட்டும் துணைப்பட்டியல்தான் இண்டெக்ஸ். பரவலாகப் பயன்படும், கிளைகிளையாகப் பிரியும் பி-ட்ரீ இண்டெக்ஸில் ஒரு பக்கத்துக்கு (ஒரே தடவையில் படிக்கும் தரவுத் தொகுதிக்கு) 300 மதிப்புகள் அடங்கும் என்று வைத்துக்கொண்டால், 10 கோடி வரிசைகளிலிருந்து, அதாவது பதிவுகளிலிருந்து, ஒன்றைக் கண்டுபிடிக்க நான்கு பக்கங்களைப் புரட்டினால் போதும். இண்டெக்ஸ் இல்லையென்றால் அட்டவணை முழுவதையும் படித்தாக வேண்டும்.

ஆனால் இண்டெக்ஸ் இருந்தும் அது பயன்படாமல் போவதுண்டு. இரண்டு நெடுவரிசைகளைச் சேர்த்து, வாடிக்கையாளர் எண் முதலில், தேதி அடுத்து என்று அமைத்த கூட்டு இண்டெக்ஸ், தேதியை மட்டும் கொண்டு தேடுபவருக்குப் பெரிதாக உதவாது. முதலெழுத்து தெரியாமல் அகராதியைப் புரட்டுவது போலத்தான் அது. தேதியிலிருந்து ஆண்டைப் பிரித்தெடுத்து 2023-உடன் ஒப்பிடும்படி வினவலை (தரவுத்தளத்துக்குத் தரும் தேடல் கட்டளையை) எழுதினால், தேதிக்கென்றே தனி இண்டெக்ஸ் இருந்தாலும் பல தரவுத்தளங்கள் அதைப் பயன்படுத்துவதில்லை. அதையே 2023 ஜனவரி 1 முதல் 2024 ஜனவரி 1-க்கு முன்பு வரை என்று எழுதினால் பயன்படுத்திக்கொள்ளும். சொல்லின் நடுப்பகுதியைக் கொண்டு தேடுவதற்கும் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. அதற்கு வேறு வகை இண்டெக்ஸ் வேண்டும்.

இதைப் படித்துவிட்டு எல்லா நெடுவரிசைகளுக்கும் இண்டெக்ஸ் போடப் புறப்படுபவர்களும் உண்டு (இந்த ஆர்வம் இன்னொரு தொல்லை). புதிய வரிசை சேரும்போதெல்லாம் அத்தனை இண்டெக்ஸ்களையும் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், எழுதும் வேகம் குறைந்துவிடும்.

ஆயிரம் வரிசைகளை வைத்துச் சோதித்தால் இந்தக் குறைகள் எதுவும் வெளிப்படாது. ஆகவே, மென்பொருளை ஏற்று ஒப்பமிடும் பொறுப்பில் இருப்பவர்கள், எதிர்பார்க்கும் முழு அளவுக்கு மாதிரித் தரவை நிரப்பச் செய்து, முக்கியமான தேடல்கள் ஒவ்வொன்றுக்கும் தரவுத்தளம் அதை எந்த வழியில், எந்த இண்டெக்ஸைக் கொண்டு நடத்தப்போகிறது என்று எக்ஸ்பிளைன் (EXPLAIN) கட்டளை காட்டும் செயல்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே ஒப்புதல் வழங்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்