வண்டி போனாலும் கணக்கு போவதில்லை: கொங்கு வட்டார வாகனக் கடன் நிறுவனங்களின் கிளை மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க.

நாமக்கல் டேங்கர், சங்ககிரி டாரஸ், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி, பொள்ளாச்சியில் தேங்காய் ஏற்றும் பிக்கப் என்று இந்தப் பக்கம் ஓடும் வண்டிகள் பலவற்றின் ஆர்.சி. புக்கில் உங்கள் நிறுவனங்களின் பெயர்தான் எச்.பி.யாக, அதாவது வண்டியின் மேல் கடன் கொடுத்தவராக, ஏறியிருக்கிறது. டியூ நின்றால் வண்டியைத் தூக்க ஒப்பந்தம் உங்களுக்கு உரிமை தருகிறது. அதைப் பற்றி இந்த மடலில் வழக்கு எதுவும் இல்லை. தூக்கிய வண்டி ஏலத்தில் போன பிறகு கடன்காரரின் கணக்கை நீங்கள் விட்டுவைக்கும் நிலையைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

"வண்டியத் தூக்கிட்டாங்க, சிபில்ல எத்தன வருசம் நிக்குமுங்க?" இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். சிபில் என்பது யார் தவணையை ஒழுங்காகக் கட்டினார், யார் தவறினார் என்று பதிந்து வைக்கும் கடன் தகவல் நிறுவனம். "ஏழு வருசம், அப்புறம் தானா அழிஞ்சிரும்" என்ற பதில் யூடியூபிலிருந்து டீக்கடை வரை ஓடுகிறது. அது அமெரிக்கச் சட்டம். அங்கே முதல் தவணை தவறிய நாளை வைத்து ஏழு ஆண்டு எண்ணி, பதிவை எடுத்துவிட வேண்டும். நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும் சொல்வது வேறு: தகவலைக் குறைந்தது ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். குறைந்தது என்றுதான் இருக்கிறது. அதோடு அழித்துவிட வேண்டும் என்று இல்லை.

அந்த ஏழு ஆண்டைவிட முக்கியமானது கணக்கு முடிந்த தேதி. சிபில் அறிக்கையில் மாதவாரி நிலுவைக் கட்டங்கள், நீங்கள் கடைசியாகத் தகவல் கொடுத்த மாதத்திலிருந்து பின்னோக்கி 36 மாதம் வரை தெரியும். ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் 000. தவறினால் 030, 060 என்று பாக்கி நாள் ஏறும். 90 நாள் தாண்டினால் கடன் வாராக்கடன். 2022-இல் தூக்கிய வண்டிக்கு மீதித் தொகை இன்னும் பாக்கி என்று உங்கள் கணினி சொல்லிக்கொண்டே இருந்தால், அந்த 36 மாதச் சாளரமும் கணக்கோடு சேர்ந்து முன்னே நகர்கிறது. கடன் கேட்டுப் போகும் வங்கியில், நாலு வருசத்துக்கு முந்தைய தவறு இந்த மாதத் தவறாகத் தெரிகிறது. எத்தனை வருசம் என்ற கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி உங்கள் கிளையில்தான் இருக்கிறது.

மீதித் தொகை எப்படி வருகிறது என்பதைக் கடன்காரருக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. உதாரணத்துக்கு ஒரு கணக்கு: அசலும் வட்டியும் சேர்ந்து பாக்கி 6,40,000 ரூபாய். தூக்கிய செலவும், தூக்கிய வண்டியை நிறுத்தி வைக்கும் யார்டின் வாடகையும் 28,000. ஏலத்தில் வந்தது 4,10,000. ஆக இன்னும் 2,58,000 ரூபாய் அவர் பெயரில் நிற்கிறது. வண்டியே போய்விட்டதால் கடனும் தீர்ந்தது என்று நினைத்து அவர் வேறு வண்டியில் டிரைவராக ஏறிவிடுகிறார். போன் நம்பரும் மாறிவிடுகிறது. தவணை தவறியதைக் கடன் தகவல் நிறுவனத்துக்கு அனுப்பும்போது கடன்காரருக்கு எஸ்.எம்.எஸ். அல்லது மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் சொன்னது. நீங்கள் அனுப்புகிறீர்கள், ஆனால் அது பழைய நம்பருக்குப் போகிறது. யார்டில் வண்டியை எடுக்கும் அன்றே இப்போதைய நம்பரையும் முகவரியையும் கேட்டு எழுதிக்கொள்ள ஐந்து நிமிடம் போதும்.

தானாகவே வண்டியைக் கொண்டுவந்து சரண்டர் செய்தால் சிபிலில் ஏறாது என்று வசூலுக்குப் போகும் பையன்கள் சொல்வதை நிறுத்துங்கள். சரண்டர் செய்தால் தூக்கும் செலவு மிச்சம், வழியில் தகராறு இல்லை, அவ்வளவுதான். தவறிய மாதங்கள் தவறியவையாகவே நிற்கும், மீதித் தொகையும் நிற்கும். இந்தப் பொய்யை நம்பிச் சாவியைக் கொடுத்தவர், மகளின் கல்விக் கடனில் துணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடும்போதுதான் உண்மையைத் தெரிந்துகொள்கிறார்.

ஜாமீன்தாரர் கதை இன்னும் மோசம். இங்கே அண்ணன் வண்டிக்குத் தம்பியும், மாப்பிள்ளை வண்டிக்கு மச்சானும் கையெழுத்துப் போடுவது வழக்கம். கடன் அவர்கள் அறிக்கையிலும் இருக்கிறது. ஏல நோட்டீசை அவர்களுக்கும் தனியாக அனுப்புங்கள். ஏலத்துக்கு முன் தெரிந்தால், பாக்கியைக் கட்டி வண்டியை மீட்கப் பணம் புரட்டக்கூடியவர்கள் அவர்கள்தான். விற்பதற்கு முன் கடன்காரருக்குக் கடைசி வாய்ப்புத் தர வேண்டும், முன்னறிவிப்புக் காலமும் வண்டியை எடுக்கும் முறையும் ஏல முறையும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும் என்பது நிதி நிறுவனங்களுக்கான ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதி. அந்தப் பக்கத்தைத் தமிழில் அச்சடித்து, கையெழுத்து வாங்கும்போதே ஒரு நகல் கையில் கொடுங்கள்.

வண்டி யார்டுக்குள் போகும்போது கிலோமீட்டர், டயர்களின் நிலை, பேட்டரி, ஸ்டெப்னி, ஜாக்கி, தார்ப்பாய் எல்லாம் எழுதி, போட்டோ எடுத்து, இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட பட்டியல் வேண்டும். நல்ல டயரோடு போன வண்டி மொட்டை டயரோடு ஏலத்துக்கு வந்தால் விலை விழும்; விழுந்த விலை கடன்காரரின் மீதித் தொகையில் ஏறும்; மீதித் தொகை சிபிலில் ஏறும். ஒரு டயர் பட்டியலுக்கும் கடன் அறிக்கைக்கும் இவ்வளவு நேரடித் தொடர்பு இருக்கிறது. ஏலத்தில் எடுத்தவர் பெயருக்கு ஆர்.சி.யை மாற்றாமல் வண்டியை வெளியே விடாதீர்கள். இல்லையென்றால் இ-சலான் எல்லாம் பழைய ஓனர் நம்பருக்கே வரும்.

அடுத்தது செட்டில்மென்ட். 2,58,000 பாக்கியில் ஒரு லட்சம் கட்டினால் போதும் என்று பேசி முடிக்கிறீர்கள். இரு தரப்புக்கும் நல்லதுதான். ஆனால் அறிக்கையில் அது 'செட்டில்டு' என்று ஏறும். முழுதும் கட்டி முடித்த 'குளோஸ்டு' கணக்குக்கு இருக்கும் மரியாதை வங்கியில் அதற்குக் கிடையாது. இனி வசூலாகாது என்று உங்கள் ஏட்டில் ஏற்கெனவே தள்ளுபடிக் கணக்கில் எழுதிய கடனாக இருந்தால், தள்ளுபடிக்குப் பின் செட்டில்மென்ட் என்ற குறிப்பு வரும். பணம் வாங்கும் முன்பே இந்த வித்தியாசத்தை எழுத்தில் காட்டுங்கள். தள்ளிய தொகையையும் பின்னால் கட்ட ஒருவர் வந்தால், வாங்கிக்கொண்டு குறிப்பை மாற்றிக் கொடுங்கள். "பழைய பைல், ஹெட் ஆபீஸ்லதான் கேக்கணும்" என்று திருப்பி அனுப்புவது நியாயமில்லை.

கணக்கு முடிந்தவர்களுக்கும் தொல்லை தீர்வதில்லை. நிலுவை பூஜ்யமான பின்னும் முடிந்த தேதி காலியாகவே கிடக்கும். கடனை வேறு நிறுவனத்துக்கு விற்றிருப்பீர்கள். உங்கள் பெயரில் ஒரு பாக்கி, வாங்கியவர் பெயரில் ஒரு பாக்கி என்று ஒரே கடன் இரண்டாகத் தெரியும். 2025 ஜனவரி முதல் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை தகவல் அனுப்ப வேண்டும் என்றான பிறகு, அடுத்த மாசம் சரியாகிவிடும் என்ற சாக்கு எடுபடாது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தருகின்றன. இனி நாங்கள் நான்கையும் எடுத்துப் பார்க்கச் சொல்லித்தான் கடன்காரர்களை அனுப்புவோம். தவறு இருந்து புகார் கொடுத்தால் 30 நாளில் தீர்வு வேண்டும். அதில் உங்கள் பங்கு 21 நாள். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகும் வழியையும் சொல்லிக் கொடுப்போம்.

உங்களிடம் கேட்பது ஒரே ஒரு தாள். ஏலம் முடிந்த 15 நாளுக்குள், தமிழில், கடன்காரருக்கும் ஜாமீன்தாரருக்கும் பதிவுத் தபாலில். வண்டி என்ன விலைக்குப் போனது, என்னென்ன செலவு பிடித்தீர்கள், மீதி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கட்டினால் கணக்கு எப்படி முடியும், கட்டாவிட்டால் அறிக்கையில் என்ன ஏறும், யாரிடம் எந்த நம்பரில் பேச வேண்டும் என்ற ஆறு விவரம் அதில் இருக்கட்டும். ஏல விலை பாக்கியைவிடக் கூடுதலாக வந்திருந்தால், மிச்சப் பணத்துக்கான காசோலையும் அதே உறையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நாமக்கல், சங்ககிரி, கரூர் பக்கம் வாகனக் கடன் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் சிலர்