காமன் பொட்டலிலிருந்து மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. பேரன் சின்னவன் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகிறான். கணக்கில்தான் கொஞ்சம் மட்டம், மற்றதெல்லாம் நல்ல புள்ளி. நீ அனுப்பின காசு வந்தது. காமன் கூத்துக்கு வீடு வீடாக எடுக்கிற வரிக்கு உன் பேரையும் எழுதிவிட்டேன்.

சின்னவன் தப்பு மேளம் பழகுகிறான் என்று கேட்டு, போன ஞாயிறு போனில் நீ சத்தம் போட்டாய். “நம்ம வீட்டுப் புள்ள தப்பு அடிக்கிறதா? நாலு பேரு என்ன பேசுவாங்க? அந்தக் குச்சியப் புடுங்கி அடுப்புல வையுங்க” என்றாய். நான் ஒன்றும் சொல்லாமல் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். கோபம் இல்லை தம்பி. போனில் சொல்லி முடிகிற சங்கதியாக அது எனக்குத் தோன்றவில்லை. இரண்டு நாளாக, ஒத்திகை முடிந்து வந்து, எல்லாரும் படுத்தபிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்ட அன்று பொட்டலில் காமன் கம்பம் நட்டோம். அன்றிலிருந்து தினமும் இரவு ஒத்திகை. இந்த மாதத்தில் ஏழு மணிக்கே பனி இறங்கிவிடும் என்று உனக்குத் தெரியும். பனி பட்டால் தப்புத் தோல் தொய்ந்து, சத்தம் பொத்துப் பொத்தென்று செத்துப்போகும். கவ்வாத்து வெட்டின தேயிலை மிலாறுக் குச்சிகளைக் குவித்துத் தீ மூட்டி, தப்புகளைச் சுற்றிலும் சாய்த்துக் காய்ச்சுவார்கள். குளிருக்காகத்தான் சின்னவன் அந்தத் தீயிடம் போய் உட்கார்ந்தான். மூன்று தப்பில் இரண்டு விறைத்துவிட்டது, ஒன்று ஏறவில்லை. தப்பு மாமா விரலால் சுண்டிப் பார்க்கிறார், காதை வைத்துக் கேட்கிறார், திரும்பவும் தீயில் காட்டுகிறார். ஆட்டக்காரர்கள் சலங்கை கட்டி நிற்கிறார்கள். “ரெண்டு போதும், ஆரம்பிங்க” என்று ஆளுக்கு ஒரு பக்கம் கத்துகிறார்கள். மனுஷன் அசையவில்லை. மூன்றாவது தோலும் மற்ற இரண்டோடு ஒரே சத்தத்துக்கு வந்தபிறகுதான் எழும்பினார். சின்னவன் வாயைத் திறந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் வரிசை வீட்டு லயத்தில் அவர் இருக்கிற காம்பராவுக்கே போய், “தாத்தா, எனக்கும் சொல்லிக் குடுப்பீங்களா?” என்று கேட்டது அவன்தான். நான் அனுப்பவில்லை. தடுக்கவும் இல்லை.

இடது கையில் மெல்லிய நீளக் குச்சி, வலது கையில் கட்டைக் குச்சி. இப்போது விரல் இடுக்கில் கொப்புளம் போட்டிருக்கிறது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவி விடுகிறாள். சாப்பிடும்போதுகூடத் தட்டில் தாளம் போடுகிறான்.

நான் ரதி வேஷம் கட்டின கதை உனக்குத் தெரியும். 1976ஆம் வருஷம், எனக்கு 19 வயது. உன் அப்பாயியின் கூறைச் சேலையை உடுத்தி, மாசி முழுக்க விரதம் இருந்து, லயம் லயமாக மதனோடு ஆடிப்போவேன். ஒவ்வொரு வாசலிலும் மஞ்சள் தண்ணி கரைத்து எங்கள் காலில் ஊற்றுவார்கள். பிள்ளை இல்லாதவர்கள் விழுந்து கும்பிடுவார்கள். அந்த நேரம் நான் சாக்குத் தூக்குகிற பெக்டரிப் பையன் இல்லை, அவர்களுக்கு ரதி. ஆனால் இதுவரை உனக்குச் சொல்லாத ஒரு பாதி அந்தக் கதையில் இருக்கிறது.

எனக்கு மதனாக ஆடினவன் கீழ் லயத்துப் பையன். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று நம்மைப் பங்கு பிரித்தார்கள் அல்லவா, அதில் அவன் குடும்பம் அந்தப் பக்கம் விழுந்தது, நம் குடும்பம் இந்தப் பக்கம். 1977இல் ஹட்டன் ஸ்டேஷனில் அவனைக் கோச்சி ஏற்றினேன். தலைமன்னார் போய் அங்கிருந்து கப்பல். அழுகைக் கோச்சி என்று அதற்குச் சும்மா பேர் வைக்கவில்லை. கோச்சி நகர்ந்ததும் பிளாட்பாரத்தில் பொம்பிளைகள் ஒப்பாரி வைத்தார்கள். பெட்டிக்குள் இருந்தவர்களும் அதே ஒப்பாரியைப் பிடித்துக்கொண்டார்கள். கோச்சி கண்ணை விட்டு மறையும்வரை இரண்டு பக்கத்துக் குரலும் ஒன்றாகவே கேட்டது. கூடலூர்ப் பக்கம் குடியேறினதாக ஒரு கடிதம் வந்தது. அதோடு சரி.

அடுத்த வருஷம் நம் தோட்டத்தில் காமன் நடவில்லை. மதன் போய்விட்டான், பாட்டுப் படிக்கிற வாத்தியாரும் போய்விட்டார், ஆட்டம் தெரிந்த ஏழெட்டுப் பேர் போய்விட்டார்கள். எனக்கு என் அடி மட்டும்தான் தெரியும். மதனுடைய அடி தெரியாது, தூதன் எங்கே திரும்புவான், வீரபத்திரன் எந்த அடியில் குதிப்பான், ஒன்றும் தெரியாது. முழு ஆட்டமும் தெரிந்தவர் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம் இருந்தார். தப்பு மாமா. அவருக்கும் அப்போது இருபது வயதுக்குள்தான். ஏழு வயதிலிருந்து தன் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று அடித்தவர். தப்புக்காரனின் கண் ஆடுகிறவனின் காலை விட்டு விலகாது. பத்துப் பன்னிரண்டு வருஷம் எல்லாருடைய காலையும் பார்த்துப் பார்த்து, அத்தனை ஆட்டமும் அவருக்குள்ளே போயிருந்தது. 1979இல் மேல் லயத்திலிருந்து ஒரு பையனைப் பிடித்து, மதனாக ஆட ஒரு மாதம் பழக்கினார். மறுபடி காமன் நட்டோம். இன்றைக்கு நம் பொட்டலில் கூத்து இருக்கிறது என்றால் அது அவர் கொடுத்தது.

இப்போது 1984க்கு வருகிறேன். நீ பிறக்கவில்லை. அந்த நேரம் தோட்டத்தில் இரண்டு தொழிற்சங்கம், இரண்டு தலைவர், இரண்டு தண்ணிப்பீலி என்று சொல்லலாம், அவ்வளவு பகை. ஒரு சங்கத்துக்காரன் கல்யாணத்துக்கு மற்றவன் போகமாட்டான். அந்த மாசியில் லாவணிப் பாட்டுப் போட்டிக்கு ஆள் பிரிக்கவேண்டி வந்தது. எரிந்த கட்சி, எரியாத கட்சி. சிவனின் நெற்றிக்கண்ணில் காமன் எரிந்து சாம்பலானான் என்று ஒரு கட்சி பாடும். எங்கே எரிந்தான், ரதியின் கண்ணுக்குத் தெரிகிறானே என்று மற்றக் கட்சி மடக்கும். சங்கத்துக்கு ஒரு கட்சி என்று பிரித்தால் அன்றைக்கே மண்டை உடையும் என்று பெரியவர்கள் பயந்தார்கள். தப்பு மாமாதான் சொன்னார், “குரலைப் பாத்துப் பிரிங்க.” மேல் குரல் ஒரு பக்கம், கட்டைக் குரல் ஒரு பக்கம் என்று பிரித்ததில் இரண்டு சங்கத்து ஆளும் இரண்டு கட்சியிலும் கலந்துபோனார்கள்.

லாவணியில் நீ எவ்வளவு வேண்டுமானாலும் எதிராளியைத் தாக்கலாம். ஆனால் அவன் விட்ட இடத்திலிருந்து, அவன் பிடித்த மெட்டிலேயேதான் நீ எடுக்கவேண்டும். அதற்கு அவன் பாடுவதைக் கடைசிச் சொல்வரை கேட்டே ஆகவேண்டும். ஐந்து வருஷமாக ஒருவர் பேச்சை ஒருவர் காதில் வாங்காத ஆட்கள் விடிய விடிய உட்கார்ந்து கேட்டார்கள். நான் எரியாத கட்சி. எனக்குப் பக்கத்தில் தோள் உரச உட்கார்ந்து அடி எடுத்துக் கொடுத்தவன், போன தேர்தலில் என் சைக்கிளை ஆற்றில் தள்ளினவன்.

அது மாசி. சித்திரைப் பக்கம், ஏப்ரலில், சங்கங்கள் சேர்ந்து வேலைநிறுத்தத்துக்குக் கூப்பிட்டன. நாட்சம்பளக் கூட்டலோடு, பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே சம்பளம் என்பதும் கோரிக்கை. கொழும்பில் தலைவர்கள் ஒன்றாகிவிட்டார்கள், சரி. நம் தோட்டத்தில் யார் யாரை நம்புவது? முதல் நாள் விடியற்காலை யார் மலைக்குப் போவார்கள், யார் நிற்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஐந்து மணிக்கு, ஆள் கணக்கு எடுக்கிற பிரட்டுக் களத்தில் தப்புச் சத்தம் கேட்டது. என் அப்பா காலத்தில் ஆட்களை வேலைக்கு எழுப்ப அடித்த அதே பிரட்டுத் தப்பு. அன்றைக்கு அதை வேலைக்குப் போகாதே என்று அடித்தார் மாமா. கொஞ்ச நேரத்தில் அடி மாறிக் கூத்து அடியாகிவிட்டது. லயங்களிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பொம்பிளைகள்தான் முதலில் கும்மி கொட்டினார்கள். உன் அம்மா அந்த வட்டத்தில் இருந்தாள், கலியாணமாகி ஒரு வருஷம். ஒரு கூடையும் மலை ஏறவில்லை. அந்த வருஷம்தான் பெண்களின் சம்பளம் ஆண்களோடு சமமானது.

பாட்டை வைத்து ஆள் சேர்ப்பது நம்மிடம் அதற்கும் முந்தியே இருந்தது. 1931இல் ஹட்டனில் நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் தொடங்கினபோது, கூட்டம் கூட்டினது அவர் மனைவி மீனாட்சியம்மையின் குரல். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் பொலிஸுக்குப் பிடித்துக் கொடுக்கிற காலம். அந்த அம்மா சனங்களுக்குப் பழகின மெட்டுகளில் பாட்டுக் கட்டி மேடையில் பாடுவார். 1940இல் அதைப் புத்தகமாகவும் போட்டார்கள். கேட்டவர்கள் லயத்துக்குத் திரும்பிப்போய்க் கொழுந்து எடுக்கும்போது முனகுவார்கள். கேட்டில் காவல்காரன் ஆளைச் சோதிக்கலாம், பாட்டை என்ன செய்வான்? உன் அப்பாயி அப்படி ஒரு பாட்டை, யார் கட்டினது என்று தெரியாமலே, சாகும்வரை பாடிக்கொண்டிருந்தாள்.

இனி நான் சொல்லக் கூசுகிற விஷயம். வேலைநிறுத்தம் நடந்த நாட்களில் தினமும் மத்தியானம் நம் காம்பராவில்தான் தேத்தண்ணி. எல்லாருக்கும் உன் அம்மா கையில் கொடுப்பாள். தப்பு மாமாவுக்கு மட்டும் ஒரு தகரக் குவளை. அதை நான் எடுத்துக்கொண்டுபோய் இஸ்தோப்புத் திண்ணைப் படியில் வைப்பேன். அவர் எடுத்துக் குடித்து, கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம் வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்து அதைச் செய்தேன். எனக்கு அன்றைக்கு அது ஒன்றுமாகவே படவில்லை. அவர் கற்றுக்கொடுத்த கூத்தைத்தான் ஆடினோம், அவர் அடித்த அடிக்குத்தான் ஒன்றாக நின்றோம், அவரைப் படிக்குக் கீழே நிறுத்திவிட்டு ஒற்றுமை என்று பேர் சொல்லிக்கொண்டோம். அந்தக் குவளை இரும்புப் பெட்டிக்குப் பின்னால் கிடந்ததை நீயும் சின்ன வயதில் பார்த்திருப்பாய். அது எதற்கு என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கேட்காமலே நீ கற்றுக்கொண்டது என்னிடமிருந்துதான். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினது உன் குரல், வார்த்தை என்னுடையது. அதனால்தான் எனக்குப் பதில் வரவில்லை.

கொழும்புக்குப் போன புதிதில், கடையில் உன்னைத் தோட்டக்காட்டான் என்று கூப்பிட்டார்கள் என்று ராத்திரி போன் எடுத்து அழுதாயே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த வருஷம் காமன் கமிட்டிக் கூட்டத்தில் தப்பு மாமா ஒன்று சொன்னார். “இனிமே எங்க புள்ளைங்களுக்கு மட்டும் சொல்லிக் குடுக்க மாட்டேன். அவங்க மட்டும் அடிச்சா அது எங்க வேலைன்னே ஆயிரும். எல்லா லயத்துப் புள்ளையும் குச்சி புடிச்சா வாறேன். இல்லாட்டி இந்த வருஷம் ரெக்கோட் போட்டு ஆடுங்க.” கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு நான் எழும்பி, நம் சின்னவன் ஏற்கெனவே பழகுகிறான் என்று சொன்னேன். அன்னதானத்தில் தப்புக்காரருக்குப் பின்பந்தி என்கிற வழக்கமும் இனி இல்லை, வேஷக்காரரோடு ஒரே வரிசையில் இலை என்று எழுதிக்கொண்டோம். இரண்டு வீடு வரிக் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டது. யார் என்று சொல்லமாட்டேன், உனக்குத் தெரிந்தவர்கள்தான். மனசு வலித்தது. ஆனாலும் இப்போது ஒன்பது பிள்ளைகள் பழகுகிறார்கள், மூன்று பேர் பொம்பிளைப் பிள்ளைகள். மாமாவின் பேரன் இந்த முறை மதன் வேஷம் கட்டுகிறான். அவன் ஆடும்போது நம் சின்னவன் அவன் காலையே பார்த்து அடிக்கிறான். முந்தாநாள் ஓரிடத்தில் அடி தவறிவிட்டது. மதன் நின்று, காலைத் தூக்கியபடியே காத்திருந்தான். சின்னவன் பிடித்துக்கொண்டதும் காலை ஊன்றினான். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் கண் கலங்கிப்போய், துண்டால் துடைத்துக்கொண்டேன்.

நாலு பேர் பேசத்தான் செய்வார்கள் தம்பி. பள்ளிக்கூடத்தில் அவனையும் ஏதாவது சொல்லிக் கூப்பிடுவார்கள். உன் பயம் எனக்குப் புரிகிறது, அதை நான் லேசாக எடுக்கவில்லை. அவனிடம் நானே கேட்டேன், யாராவது ஏதாவது சொன்னால் என்ன செய்வாய் என்று. “நாங்க ஒம்பது பேர் இருக்கோம் தாத்தா” என்றான்.

பௌர்ணமி அன்று காமன் தகனம். ஒரு நாள் லீவு கேட்டு, முதல் நாள் இரவு மெயில் கோச்சியில் ஏறு, மருமகளையும் கூட்டிக்கொண்டு வா. புறக்கோட்டையில் மதனின் கிரீடத்துக்குத் தங்கக் கலர் சரிகைத் தாள் நாலு, முகத்துக்குப் பூச அரிதாரம் இரண்டு டப்பா வாங்கு. ஹட்டனில் விலை கூட. அம்மாவுக்கு முழங்காலுக்குப் போடுகிற பட்டி ஒன்று. தப்பு மாமாவுக்கு உடுத்த நல்லதாக ஒரு சாரம் எடு, நீலத்தில் எடு, அவருக்குப் பிடிக்கும். அன்றைக்கு மத்தியானம் அவர் நம் காம்பராவில்தான் சாப்பிடுகிறார். உள்ளே, அடுப்புக்குப் பக்கத்தில். சாரத்தை நீயே அவர் கையில் கொடு.

அன்புடன்,
அப்பா