சனசமூக நிலையத்தின் 2025 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, நேரத்துக்கு வந்த அங்கத்தவர்களே, இனி வரப்போகிற அங்கத்தவர்களே, வணக்கம்.

பொங்கல் விழா, சிரமதானம், முன்பள்ளி விளையாட்டுப் போட்டி, வாணி விழா எல்லாம் வழமைபோல நடந்தன. வாசிகசாலைக்குப் பத்திரிகைகள் தவறாமல் வந்தன. திருப்பித் தராத புத்தகங்களின் பட்டியல் அறிவித்தல் பலகையில் இருக்கிறது. அதில் நிர்வாக சபையினர் பெயர்களும் உண்டு. கூரைத் திருத்தம் பிற்போடப்பட்டது.

ஞாயிறு காலை உதவி மேசை பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டியிருக்கிறது. "அரசாங்க அலுவலகங்களோடு ஏன் தேவையில்லாத சோலி" என்று சபையிலேயே சிலர் கேட்டார்கள். நாங்கள் யாரோடும் கொழுவவில்லை. சட்டம் தந்திருக்கிற வழிகளைச் சொல்லி, கடிதம் எழுதிக் கொடுக்கிறோம். அவ்வளவுதான்.

வந்தவர்களில் அநேகர் காலம் பிந்தியே வந்தார்கள். அரச அலுவலர் ஒருவர் அடிப்படை உரிமையை மீறினால், அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரைப்படி நாட்டின் அதியுச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்கு மனுப்போட ஒரு மாதம்தான் இருக்கிறது. நல்லூர்த் திருவிழாவே 25 நாள். "திருவிழா முடியட்டும், எம்.பி.யிடம் ஒருக்கால் சொல்லிப் பார்ப்போம், விதானையார் ஏதும் செய்வார்" என்று இருந்தால் மாதம் போய்விடும். மகனைப் பொலிசார் அடித்ததாக வந்த ஒரு தகப்பனும் அப்படித்தான் பிந்தி வந்தார்.

கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடைக்குப் போய் வழக்காட எல்லாருக்கும் வசதி இல்லை என்பது உண்மை. அதற்குத்தான் 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் மனுவுக்கான மாதத்தில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தால் போதாது. விசாரணை உண்மையில் நடந்ததா என்று பிறகு நீதிமன்றம் கேட்கும். முறைப்பாட்டு இலக்கத்தையும் வந்த கடிதங்களையும் பத்திரமாக வைத்திருங்கள். சட்டத்தரணிக்குக் காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

மேசையில் கூடுதலாக எழுதியது தகவல் கேட்கும் விண்ணப்பங்கள்தான். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள், அதற்கென்று குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். கொடுப்பனவுப் பட்டியலில் ஏன் பெயர் இல்லை என்று அலைந்த ஒரு அக்காவுக்கு, வாய்ப்பேச்சில் கிடைக்காத பதில் பதிவுத்தபாலுக்குப் பிறகு எழுத்தில் வந்தது. பதில் நல்லதாக இருக்கவில்லை என்பது வேறு கதை. ஆனால் மேன்முறையீடு எழுத அது கையில் இருந்தது.

சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால், "ஆரிடமாவது வாசிப்பித்துப் பாருங்கோ" என்று விடாதீர்கள். வடக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பே சொல்கிறது. அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

காணி விடயத்தில் மட்டும் வாசிகசாலை நிரம்பியது. 2025 மார்ச் 28 வர்த்தமானியில் வடக்கில் ஏறக்குறைய 5,940 ஏக்கர் குறிப்பிடப்பட்டு, மூன்று மாதத்துக்குள் உரித்துக் கோராவிட்டால் அரச காணியாகும் என்று வந்தபோது, இடப்பெயர்வில் காணி உறுதிப் பத்திரம் தொலைத்தவர்களும், வெளிநாட்டில் இருக்கும் சகோதரங்களுக்காகக் கேட்டவர்களும் முற்றம்வரை நின்றார்கள். யூன் மாதம் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்கியது. பின்னர் அரசாங்கம் அறிவித்தலை மீளப் பெற்றது. அடுத்த ஞாயிறே மேசையில் நானும் மின்விசிறியும்தான். தொலைந்த உறுதிகளுக்குக் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கிற அலுவல் இன்னும் அப்படியே கிடக்கிறது என்பதைச் சம்பந்தப்பட்டவர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

நிர்வாக சபைக் கூட்டங்கள் சில, கூட்டம் நடத்தப் போதிய அங்கத்தவர் வராமல் கலைந்தன. காரணங்கள் எழுத்தில் தரப்படவில்லை. சந்தா நிலுவை பற்றிப் பெயர் சொல்லிப் பேச நான் விரும்பவில்லை. மேசையில் உதவி பெற்றவர்களில் கணிசமானோர் அங்கத்தவர்களே அல்லர். அது பரவாயில்லை, உரிமைக்குச் சந்தா கட்டத் தேவையில்லை. ஆனால் முத்திரையும் போட்டோக்கொப்பியும் சும்மா வருவதில்லை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். பொதுவாகச் சொன்னால் வரவும் செலவும் ஏறக்குறையச் சரிக்குச் சரி. புலம்பெயர்ந்த ஊரவர்களின் அன்பளிப்பு இல்லாவிட்டால் அந்த "ஏறக்குறைய" வேறுமாதிரி இருந்திருக்கும்.

தலைவர், பொருளாளர், ஒலிபெருக்கி தந்தவர், தேநீர் தயாரித்த மாதர் சங்கத்தினர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இந்தப் பொறுப்பில் யார் இருப்பது என்பதை இச்சபை தீர்மானிக்கும். எனக்கு உடம்பும் முன்போல இல்லை. யார் வந்தாலும் மேசைக்கு இரண்டு பேர் கட்டாயம் வேண்டும்: சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவர், கணினியில் தமிழ் அடிக்கக்கூடிய இளையவர் ஒருவர். கிடைத்தால் நானும் ஒரு கதிரையில் இருக்கத் தயார். பெயர் கொடுப்பதற்கான கொப்பியும் சந்தாப் பற்றுச்சீட்டுப் புத்தகமும் வாசலடி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டுள்ளன. தேநீர், கூட்டம் முடிந்த பிறகுதான்.

செயலாளர்