அணியின் பெயர் மட்டும் போதாது: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவத்தில் தமிழ் வகுப்புகளில் செய்யுள் அணிகளும் கட்டுரை எழுதுதலும் நடக்கின்றன. பிள்ளைகள் உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம் என்று வரிசையாக ஒப்பித்துக்கொண்டிருப்பது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். விடைத்தாள்களைப் பார்த்தால் பெயரெல்லாம் சரியாகத்தான் எழுதுகிறார்கள், ஆனால் அந்த அணி அந்தப் பாட்டில் என்ன வேலை செய்கிறது என்று கேட்ட இடத்தில் "பாட்டுக்கு அழகு சேர்க்கிறது" என்ற ஒரே வரியோடு நின்றுவிடுகிறார்கள். அந்த ஒரு வரியைத் தாண்டி அவர்களைக் கொண்டுபோகத்தான் உங்கள் உதவியைக் கேட்டு இதை எழுதுகிறேன். இதற்கு நீங்கள் தமிழ் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு கேள்வி போதும்: இதை எடுத்துவிட்டால் என்ன குறையும்?

எல்லாருக்கும் தெரிந்த ஒரு குறளையே பார்க்கலாம்.

அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை
இகழ்வார்ப் பொறுத்தல் தலை

பிள்ளை என்ன எழுதும்? உவமை அணி, நிலம் உவமை, இகழ்வாரைப் பொறுப்பவர் பொருள், 'போல' உவம உருபு, தாங்குதல் பொதுத்தன்மை. எல்லாம் சரி, மதிப்பெண்ணும் கிடைக்கும். இப்போது உவமையை எடுத்துவிடுங்கள். "தம்மை இகழ்பவரைப் பொறுத்துக்கொள்வது சிறந்தது" என்று மிஞ்சும். செய்தி போகவில்லை, அப்படியே இருக்கிறது. அப்படியென்றால் போனது எது? கொஞ்சம் யோசிக்க விடுங்கள். தோண்டுகிறவன் தான் தோண்டும் அதே நிலத்தின்மேல்தான் நிற்கிறான், காயப்படுத்துகிறவனுக்கே காலூன்ற இடம் கொடுக்கிறது நிலம். அது விலகிக்கொண்டால் அவன் விழுந்துவிடுவான், அதனால் இங்கே சொல்லப்படுவது வழியில்லாதவனின் பொறுமை அல்ல, வலிமை உள்ளவனின் பொறுமை. இவ்வளவும் அந்த உவமைக்குள் மட்டுமே இருக்கிறது, குறளில் வேறெங்கும் இல்லை. இதைப் பிள்ளை தன் சொல்லில் இரண்டு வரி எழுதிவிட்டால் போதும், நான் எதிர்பார்ப்பது அதைத்தான்.

அதே குறளில் எதுகையையும் பாருங்கள். அகழ்வார், இகழ்வார்: இரண்டாம் எழுத்து ஒன்றி வந்திருக்கிறது, முதலெழுத்து இரண்டிலும் குறில், ஆகவே எதுகை. வகுப்பில் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் மண்ணைத் தோண்டுவதும் மனிதரை இகழ்வதும் ஒரே எழுத்து வித்தியாசத்தில் நிற்கும்படி சொற்கள் அமைந்திருப்பதால், பொருளில் சொன்ன ஒப்புமையை ஓசையும் சொல்கிறது. எதுகை வெறும் ஓசை அலங்காரம் என்று நினைக்கும் பிள்ளைக்கு இந்த ஒரு இடத்தைக் காட்டினாலே அப்புறம் தானாகத் தேட ஆரம்பிக்கும்.

அணிகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதால்தான் குழப்பம் வருகிறது. ஒன்றிலிருந்து ஒன்றாக எடுத்துக்கொண்டே போனால் நான்கைந்து அணிகள் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியும். உவமையில் இரண்டு பொருளும் இருக்கும், நடுவில் 'போல' இருக்கும். அந்த 'போல'வை எடுத்துவிட்டு இரண்டையும் தனித்தனி வாக்கியமாக நிறுத்தினால் எடுத்துக்காட்டு உவமை. "அகர முதல எழுத்தெல்லாம்" என்று தொடங்கும் முதல் குறளே அப்படித்தான். சொல்லவந்த பொருளையே எடுத்துவிட்டு உவமையை மட்டும் விட்டால் பிறிது மொழிதல். மயிலிறகுதான் என்றாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று ஒரு குறள் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. யாருக்கு, எதற்காக என்று ஒரு சொல் இல்லை. வலியறிதல் என்ற அதிகாரத்தில் வைத்துப் படிக்கும்போதுதான், எளிய பகைவர்கள்தானே என்று அலட்சியமாக இருப்பவனுக்குச் சொன்னது என்று நாம் பிடித்துக்கொள்கிறோம். இனி இரண்டும் வேறில்லை என்று ஒன்றாக்கிவிட்டால் உருவகம். 'மலர்முகம்' என்றால் மலர் போன்ற முகம், உவமைதான். 'முகமலர்' என்று திருப்பிப் போட்டால் முகமே மலர், உருவகம்.

தற்குறிப்பேற்றம் மட்டும் வேறு மாதிரி, அதைத்தான் ஆளுருவாக்கத்தோடு அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். காற்று பாடுகிறது, நிலா சிரிக்கிறது என்பதெல்லாம் ஆளுருவாக்கம், மனிதச் செயலை மனிதரல்லாததற்குக் கொடுப்பது. தற்குறிப்பேற்றத்தில் இயல்பாக நடக்கும் ஒன்றுக்குப் புலவர் தன் மனத்திலிருந்து ஒரு காரணத்தை ஏற்றுகிறார். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் அசைகின்றன. காற்றடித்தால் கொடி அசையத்தான் செய்யும். இளங்கோவடிகளோ அவை 'வராதீர்கள்' என்று கைகாட்டி மறிப்பதாகச் சொல்கிறார். அந்தக் காரணத்தை எடுத்துவிட்டால் நமக்குக் கிடைப்பது ஒரு நகரத்தின் வருணனை மட்டுமே, பின்னால் வரப்போகும் துயரத்தின் அச்சம் அங்கே இருக்காது.

முதலெழுத்து ஒன்றி வரும் மோனை, இறுதி ஒன்றி வரும் இயைபு, எதிரெதிர்ச் சொற்கள் வரும் முரண் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அவை கண்ணுக்கும் காதுக்கும் எளிதில் பிடிபடும். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம், பொருளால் அமையும் பொருளணிகளாக மட்டும் 35 சொல்கிறது, அதையெல்லாம் இந்த வயதில் தலையில் ஏற்றத் தேவையில்லை என்பது என் கருத்து. பத்து அணி தெரிந்து பத்தையும் விளக்கத் தெரிந்தால் அது நல்ல படிப்பு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நயம் பாராட்டும் வினாவில் திரண்ட கருத்தும் மையக்கருத்தும் ஒன்றல்ல. பாட்டு முழுவதையும் உரைநடையில் சொல்வது திரண்ட கருத்து. பாட்டு எதற்காக எழுதப்பட்டது என்று ஓரிரு வரியில் சொல்வது மையக்கருத்து. பாதிப் பேர் இரண்டு இடத்திலும் ஒரே விஷயத்தை எழுதி வைக்கிறார்கள்.

சரி, கட்டுரைக்கு வருகிறேன். வினாவில் உள்ள ஏவல் சொல்லைப் படிக்காமலே எழுதத் தொடங்குவதுதான் முதல் சிக்கல். 'விவரி' என்றால் எப்படி இருக்கிறது, என்ன நடந்தது என்று சொன்னால் போதும். 'விளக்கு' என்றால் ஏன், எப்படி என்பதும் வர வேண்டும். 'ஒப்பிடு' என்று கேட்டால் ஒன்றைப் பற்றி ஒரு பக்கம், இன்னொன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவது ஒப்பீடு ஆகாது, இரண்டும் ஒரே பத்தியில் எதிரெதிரே நிற்க வேண்டும். 'மதிப்பிடு' என்றால் முடிவில் பிள்ளையின் தீர்ப்பு இருந்தே ஆக வேண்டும். அந்தச் சொல்லின் கீழே கோடு போட்டுவிட்டு எழுதத் தொடங்கச் சொல்லுங்கள்.

முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற அமைப்பு எல்லாருக்கும் தெரியும். முன்னுரையில் நிலைப்பாடு ஒன்று இருக்க வேண்டும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. "கைப்பேசியால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு" என்று தொடங்கினால், அதை யாரும் மறுக்கப்போவதில்லை, ஆகவே அதை நிறுவவும் தேவையில்லை, கட்டுரை அங்கேயே தளர்ந்துவிடும். "படிக்கும் நேரத்தில் கைப்பேசி வேறு அறையில் இருக்க வேண்டும்" என்று தொடங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உடனே 'ஏன்' என்ற கேள்வி வரும், அதற்குக் காரணம் வேண்டும், காரணத்துக்குச் சான்று வேண்டும், எதிர்த்துப் பேசுபவருக்குப் பதிலும் வேண்டும். பத்திகள் தாமாகப் பிரிந்து வரும்.

அதே கேள்வியை இங்கேயும் கேட்கலாம். ஒரு பத்தியைக் கையால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் அந்தப் பத்தி அங்கே வேண்டாம். மேற்கோளுக்கும் இதே சோதனைதான். எந்தத் தலைப்பு கொடுத்தாலும் மனப்பாடமாக இருக்கும் ஒரு குறளை முதலில் ஒட்டிவிடுகிறார்கள், அந்த மேற்கோள் இந்தக் கருத்துக்கு எப்படிப் பொருந்துகிறது என்று அடுத்த வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால் அதை எழுதாமல் இருப்பதே நல்லது.

தயவுசெய்து நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், ஆயத்தக் கட்டுரைகளை மனப்பாடம் செய்யவும் வைக்காதீர்கள். பிள்ளையின் சொந்த வாக்கியம் தடுமாறினாலும் எங்களால் திருத்திக் கொடுக்க முடியும், கடன் வாங்கிய வாக்கியத்தில் திருத்த எங்களுக்கு எதுவும் இருக்காது, பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பதும் தெரியாமலே போகும். அடுத்த கட்டுரையின் முதல் வரைவை அடித்தல் திருத்தலோடு அப்படியே பள்ளிக்கு அனுப்புங்கள், அதற்காக மதிப்பெண் குறைக்கப்படாது. வரைவைப் படித்ததும் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியை ஓரத்தில் பென்சிலால் எழுதி அனுப்பினால், வகுப்பில் அதிலிருந்தே தொடங்கச் சொல்லி ஆசிரியர்களிடம் பேசியிருக்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்